நாலரை மணி விசாரணை

சமுதாயக் கல்லூரி என்றால் ஏதோ சமுதாயத்துக்காக நடத்துவது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி மண்டிக்கும் டைல்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கல்லூரியை அதன் முதல்வர் தீனதயாளன் தன்னுடைய கையேட்டுக்காக நடத்திவந்தார். 'மாணவர் கொள்கைகளும் நடைமுறைகளும்' என்று பெயர். கொரோனா காலத்தில் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது அவர் தனியாக உட்கார்ந்து எழுதியது. செங்கல் தடிமன் இருக்கும். இருப்பது ஒரே பிரதி. அது ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுப் போட்டு வைக்கப்பட்டிருந்தது. சேருகிற ஒவ்வொரு பிள்ளையும் அதை முழுக்கப் படித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்க வேண்டும் என்றால் விண்ணப்பிக்க வேண்டும். எப்படி விண்ணப்பிப்பது என்பது கையேட்டில் இருக்கிறது. இதை விளக்கும்போது தீனதயாளன் சிரிப்பதில்லை. சிரிக்க அதில் ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து.

தமிழ்ப்ரியாவும் கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தாள். கல்வராயன் மலையில் மேல்பரங்காடு அவள் ஊர். அப்பா சின்னப்பையன் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அவள் எடுத்தது நோயாளி பராமரிப்பு, ஒரு வருடப் படிப்பு. மலை ஆஸ்பத்திரி நர்சம்மா அவளிடம், "இந்த சர்ட்டிபிகேட்ட மட்டும் எடுத்துக்கினு வா, இங்கயே உன்ன வெச்சிக்கச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். பெரிய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊரிலிருந்து ஒரு பெண் வேலைக்குப் போவதென்றால் அதைவிடப் பெரிதாக எதையும் யாரும் யோசித்ததும் கிடையாது.

அவள் ஊருக்குச் சாயங்காலம் ஒரே பஸ். நைட் ஹால்ட் வண்டி. மாலையில் மலையேறி, மேல்பரங்காட்டில் இரவு நின்று, விடிகாலையில் இறங்கும். கள்ளக்குறிச்சியில் கிளம்ப வேண்டிய நேரம் நாலு மணி. கல்லூரி விடுகிற நேரம் நாலரை. வாசலில் முகத்தைப் பார்த்து வருகை பதிகிற மெஷின் ஒன்று இருந்தது. நாலரைக்கு முன்னால் அதில் முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் அன்று முழுநாளும் ஆப்சென்ட். கணக்குப்படி பார்த்தால் தமிழ்ப்ரியா ஒரு நாள்கூடப் படித்திருக்க முடியாது.

ஆனாலும் படித்தாள். காரணம் கண்டக்டர் ஆதிமூலம். அவருக்கு ஒரு பழக்கம். காலையில் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்ப ஏறாமல் விசில் ஊத மாட்டார். யாராவது கேட்டால், "எறக்கிக்கினு வந்தது நானு. நான்தான ஏத்திக்கினு போவணும். வுட்டுட்டுப் போனா அதுங்க எங்க போவும்?" என்பார். வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களும் ஒன்றும் சொல்வதில்லை. பாதிப் பேருக்கு அந்த நேரத்தில்தான் உரமும் மாத்திரையும் வாங்கி முடியும். ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் தமிழ்ப்ரியா மூச்சிரைக்க ஓடிவருவாள். யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்கள். வண்டி கிளம்பும்.

ஆக, அவளுக்குக் குறை என்று ஒன்றும் இல்லை. தொல்லை அங்கேதான் பிடித்தது.

அந்த வருடம் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. தீனதயாளன் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், குறை தீர்க்கும் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மிட்டாய்த் தாள்களும் செத்துக் காய்ந்துபோன பல்லி ஒன்றும் இருந்தன. அன்று சாயங்காலமே ஆசிரியர் கூட்டம்.

"குறையே இல்லன்னா குறை தீர்க்கும் குழு எதுக்குன்னு கேப்பாங்க" என்றார் தீனதயாளன். "குழு எதுக்குன்னா அதுக்கு ஒருங்கிணைப்பாளர் எதுக்குன்னு கேப்பாங்க. அவங்களுக்கு வகுப்பு கம்மி பண்ணிக் குடுத்திருக்கோமே, அது எதுக்குன்னு கேப்பாங்க. கடைசில முதல்வர் எதுக்குன்ற எடத்துல வந்து நிக்கும். குறை சொல்லாம இருக்கிறது, என்னைக் கேட்டா, ஒரு வகை ஒழுக்கக்கேடு. மாணவர்கள் தங்களோட பொறுப்ப உணரணும்."

ஒருங்கிணைப்பாளர் ஜெயசுதா மேடம் மறுநாள் வகுப்பு வகுப்பாகப் போய்க் குறை கேட்டார். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றது ஒரு பெண். மேடம் தலையை ஆட்டினார். "அது குறை இல்லம்மா, பராமரிப்பு. அதுக்கு வேற கமிட்டி. அது இன்னும் போடல." குடிக்கத் தண்ணி வரவில்லை என்றான் ஒருவன். அது உள்கட்டமைப்பு. வாத்தியார் வருவதில்லை என்றான் இன்னொருவன். அது அவதூறு. மேடத்துக்கு வேண்டியது மூன்று மாதத்துக்குள் தீர்க்கக்கூடிய, யார் மேலும் பழி வராத, போட்டோ எடுக்கத் தோதான ஒரு குறை. கடைசியில் நோயாளி பராமரிப்பு வகுப்பில் வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"ஒன்னே ஒன்னு குடுங்கடி. காலைலேர்ந்து நடந்துக்கினே இருக்கேன்."

மலையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் வந்து கேட்டு நிற்பவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். வீட்டில் ஒன்றும் இல்லையென்றாலும் ஒரு பிடி சாமை, அதுவும் இல்லையென்றால் நாலு கடுக்காயாவது கையில் வைத்துத்தான் அனுப்புவார்கள். தமிழ்ப்ரியாவுக்கு மேடத்தின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னிடம் என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்த்தாள். எழுந்தாள்.

"மேடம், எங்கூரு பஸ்ஸு நாலு மணிக்குங்க. எனக்காக நிறுத்தி வெக்கிறாங்க. கொஞ்சம் முன்னாடி வுட்டீங்கன்னா அவங்க காத்துக்கினு இருக்க வேணாம்ங்க."

ஜெயசுதா மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்துத் தமிழ்ப்ரியாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் கல்லூரியில் சந்தோஷப்பட்ட கடைசி நாள் அது.

விசாரணை நாலரை மணிக்கு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வகுப்பு நேரம் கெடக் கூடாது என்பதற்காக எல்லா விசாரணையும் நாலரைக்கு மேல்தான். "மேடம், நாலரைக்குன்னா பஸ்ஸு..." என்று ஆரம்பித்தவளிடம், "அதத்தானம்மா விசாரிக்கப் போறோம்" என்றார் ஜெயசுதா மேடம்.

குழுவில் மூன்று பேர். நடுநாற்காலியில் தீனதயாளன், ஒரு பக்கம் ஜெயசுதா மேடம், இன்னொரு பக்கம் ஜெயப்பிரகாஷ் என்ற கணினி ஆசிரியர். ஜெயப்பிரகாஷ் விசாரணை முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை. போகப் போகவும் பேசப்போவதில்லை.

"பஸ் எத்தினி மணிக்கு?" என்றார் தீனதயாளன்.

"நாலு மணிக்குங்க."

"நீ இங்கேர்ந்து கிளம்பறது?"

"நாலரைக்குங்க."

"அப்ப எப்பிடி தினமும் வூட்டுக்குப் போற?"

இந்த இடத்தில் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆதிமூலத்தைப் பற்றிப் பெரிய மனிதர்களிடம் நல்லபடியாக நாலு வார்த்தை சொல்ல இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் இறக்கியவர்களை ஏற்றாமல் போக மாட்டார் என்பதையும், இந்நேரம்கூட நின்றுகொண்டிருப்பார் என்பதையும் சொன்னாள். மழைநாளில் ஒருமுறை ஆறு மணி வரை நின்றதையும் சேர்த்துச் சொன்னாள்.

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு அரசுப் பேருந்து," என்றார், "நம்ம கல்லூரி மாணவி ஒருத்தரால தினமும் தாமதமாவுது. இத எழுதிக்கோங்க. இதுல கல்லூரிக்குச் சட்டப் பொறுப்பு எதாவது வருமான்னு பாக்கணும்."

அன்று தமிழ்ப்ரியா பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது ஆறு மணி. ஆதிமூலம் படியில் நின்றிருந்தார். "இன்னாம்மா, எதுனா கொடுத்து அனுப்பினாங்களா?" என்று சிரித்தார். அவள் நல்லபடியாகச் சொல்லிவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள்.

குழுவின் நடவடிக்கை என்பது பணிமனைக்கு ஒரு கடிதம். மேற்படி பேருந்தின் சரியான நேரம் என்ன, அது அந்த நேரத்துக்குத்தான் கிளம்புகிறதா, இல்லையென்றால் ஏன் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். பதில் சுருக்காக வந்தது. நேரம் நாலு மணி. இனிமேல் நாலு மணிக்கே கிளம்பும். சுட்டிக்காட்டியதற்கு நன்றி. தீனதயாளன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஆதிமூலத்தை மூங்கில்துறைப்பட்டு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி நாளன்று தமிழ்ப்ரியா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவரே வந்து டிக்கெட் கொடுத்தார்.

"நீ இன்னாம்மா பண்ணுவ. அது கரும்பாலை ரூட்டு. சமதரை, வளைவே கெடையாது. உக்காந்துக்கினே போய்டலாம்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

புதிதாக வந்த கண்டக்டர் தமிழழகன் இளைஞன். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, பாக்கெட்டில் பணிமனை கொடுத்த மெமோ வைத்திருந்தான். நாலு மணிக்கு விசில். முதல் நாள் தமிழ்ப்ரியா ஓடிவந்து பார்த்தபோது வண்டி நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவளோடு, உரம் வாங்கப்போன இரண்டு பெரியவர்களும் கைக்குழந்தைக்காரி ஒருத்தியும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் போயிருக்கும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை, எங்கேயோ டீசல் போடப் போயிருக்கிறது என்று நினைத்தார்கள். எல்லாரும் அந்த இரவைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வெளிவராந்தாவில் கழித்தார்கள்.

காலையில் முதல் வண்டியிலேயே சின்னப்பையன் இறங்கிவிட்டார். மகளை அதட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வூட்ல உக்காந்து ராவெல்லாம் நடுங்கினோம் உங்கம்மாவும் நானும். இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா போதும்மா. படிப்பு வாணாம்."

கல்லூரிக்கு ஹாஸ்டல் கிடையாது. ரூம் எடுத்துத் தங்க வைக்க அவரால் முடியாது. ஆகவே தமிழ்ப்ரியா மூன்றரைக்கே கிளம்ப ஆரம்பித்தாள். மெஷினும் தன் கடமை தவறாமல் நாளுக்கு நாள் ஆப்சென்ட் போட ஆரம்பித்தது. அவள் ஜெயசுதா மேடத்திடம் போய் நின்றாள்.

"மேடம், நான்தான் குறை குடுத்துக்கிறேனே. அது முடியற வரிக்கும் முன்னாடி வுடுங்க."

"அதனாலதாம்மா விட முடியாது" என்றார் மேடம் பொறுமையாக. "விசாரணைல இருக்கிற விஷயத்துல நான் சலுகை குடுத்தா குழுவோட முடிவுல தலையிட்ட மாதிரி ஆயிடும். நீ குறையே குடுக்காம வந்து கேட்டிருந்தீன்னா, நானே சரி போன்னு சொல்லிருப்பேன்."

அடுத்து ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றி முன்கூட்டி வெளியேறியது குற்றம், விசாரணை நாலரைக்கு. அவள் போகவில்லை. விசாரணைக்கு வராதது இரண்டாவது குற்றம். அதற்கான விசாரணையும் நாலரைக்கு. இப்படியாக, அவள் ஊர்போய்ச் சேர்ந்த ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு குற்றமாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் மட்டும் காலையிலேயே விசாரிக்கச் சம்மதித்தார்கள். அதே அறை, அதே மூன்று பேர். தீனதயாளன் மட்டும் நடுநாற்காலியிலிருந்து எழுந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்தக் குழுவில் அவர் வெறும் உறுப்பினர்.

"குறை தீர்க்கும் குழுத் தலைவர்ன்ற முறைல உன் கஷ்டம் எனக்கு நல்லாத் தெரியும்மா" என்றார் அவர். "ஆனா இப்ப நான் அந்தக் குழுவுல இல்ல. இந்தக் குழுவுல இருக்கிற எனக்கு உன் கஷ்டம் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்டா அது பாரபட்சம். நான் என் சர்வீஸ்ல ஒரு நாளும் ஒரு ஆளோட கஷ்டத்தப் பாத்து முடிவெடுத்ததில்ல."

அவர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

குழு கருணை காட்டியது. வருகைப்பதிவு குறைந்தவர்களுக்கு 'வருகையின் மகத்துவம்' என்று ஒரு சிறப்பு வகுப்பு நடத்துவார்கள். தமிழ்ப்ரியாவை ஒரு வாரம் அதில் உட்காரச் சொன்னார்கள். அது வகுப்பு நேரத்தில் நடந்தது. அதில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கெல்லாம் நோயாளி பராமரிப்பில் அவளுக்கு ஆப்சென்ட் விழுந்தது. அந்த வாரத்தோடு வருகைப்பதிவு சுத்தமாகக் கவிழ்ந்துபோயிற்று.

ஆரம்பத்தில் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவை நினைத்து அழுதாள், ஆதிமூலத்தை நினைத்து அழுதாள். பிறகு அழுகை நின்றுவிட்டது. தைரியம் வந்து நிற்கவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. கூப்பிட்டால் போனாள், கேட்டால் சொன்னாள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை மெஷினில் முகத்தைக் காட்டினாள். "மன்னிக்கவும். தங்களை அறிய முடியவில்லை" என்றது அது, இனிமையான பெண் குரலில். திரும்பவும் காட்டினாள். திரும்பவும் மன்னிப்புக் கேட்டது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து வந்து மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"எனக்கு உன்னத் தெரியும்மா. அதுக்குத் தெரியலயே, நான் இன்னா பண்ண" என்றார்.

பெயரை நீக்கிவிட்டிருந்தார்கள். அவள் சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு மணி வண்டியில் எல்லாருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அவள் பெயரைத்தான் நீக்கினார்களே தவிர அவள் குறையை நீக்கவில்லை. கையேட்டின்படி, மாணவர் போனாலும் குறை கல்லூரியில் தொடர்ந்து படிக்கும். குழு கூடியது, கலைந்தது, டீ குடித்தது, கூடியது. தமிழ்ப்ரியா அம்மாவோடு மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் போன் வந்தது. சிக்னலுக்காக அவள் பாறைமேல் ஏறி நின்றாள்.

"உன் குறை தீந்துடுச்சும்மா" என்றார் ஜெயசுதா மேடம். குரலில் அப்படியொரு குதூகலம். "பஸ்ல போற பிள்ளைங்க எல்லாம் மூனே முக்காலுக்கே போலாம்னு சார் ஆர்டர் போட்டுட்டாரு. எல்லாம் உன்னாலதான். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் கமிட்டி வருது. நீ வந்து நாலு வார்த்த நல்லபடியா பேசணும்."

"நான் இப்பதான் படிக்கலயேங்க மேடம்."

"அதுக்குத்தான் வான்றேன். வந்தீன்னா, திருப்பிச் சேத்துக்கிறதப் பத்தி நானே சார்கிட்ட பேசறேன்."

மரத்துப்போன இடத்தில் ஏதோ லேசாகக் குறுகுறுத்தது. சின்னப்பையன் முதலில் வேண்டாம் என்றார். நாலு மணி வண்டிக்குள் வந்துவிடுவதாக அவள் சொன்ன பிறகு, "அப்ப சரி. வர்லன்னா இதான் கடைசி, சொல்லிட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை கல்லூரி வாசலில் அவள் முகம் போட்ட பேனர் கட்டியிருந்தது. மெஷினுக்குத் தெரியாத முகம் பேனரில் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. மேடையில் 'பயனடைந்த மாணவி' என்று எழுதி ஒட்டிய நாற்காலியில் அவளை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் மதிப்பீட்டுக் குழுத் தலைவர் வெங்கடேசன். வெள்ளைச் சட்டை, தூக்கக் கலக்கமான கண்கள். இரண்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய விழா மூன்று மணிக்கு ஆரம்பித்தது. குத்துவிளக்குக்கு எண்ணெய் வாங்கப் போனவர் வரத் தாமதமாகிவிட்டது.

தீனதயாளன் பேசினார். "மலைல பொறந்த ஒரு ஏழை மாணவி கண்ணீரோட எங்கிட்ட வந்து நின்னா. அந்தக் கண்ணீரத் தொடைக்கிறதுக்கு இந்தக் கல்லூரி ஒரு வருஷம் எடுத்துக்கிச்சி. அவசரப்படல. அவசரப்பட்டுத் தொடைச்சிருந்தா அது வெறும் இரக்கம். நாங்க செஞ்சது நடைமுறை."

எல்லாரும் கை தட்டினார்கள். ஜெயப்பிரகாஷும் தட்டினார்.

மூன்றேமுக்காலுக்கு மணி அடித்தது. ஹாலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். புது ஆர்டர். வெங்கடேசன் மெச்சிக்கொண்டு பார்த்தார். பிள்ளைகளோடு பஸ்ஸில் போகிற ஆசிரியர்களும் எழுந்தார்கள். பைக்கில் வந்த ஆசிரியர்கள்கூட அன்று பஸ்ஸில் போகிறவர்கள் ஆனார்கள். ஹால் காலியாகிக்கொண்டிருந்தது. தமிழ்ப்ரியாவும் எழுந்தாள். ஜெயசுதா மேடம் அவள் துப்பட்டாவைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

"நீ எங்க போற?"

"பஸ்ஸுக்குங்க மேடம்."

"ஆர்டர் ஸ்டூடண்ட்ஸுக்குத்தாம்மா. உன் பேரு ரோல்ல இல்லயே. உக்காரு, ஐயா கேள்வி கேப்பாரு."

உட்கார்ந்தாள். வெங்கடேசன் கேள்வியைத் தன் தாள்களில் தேடிக்கொண்டிருந்தார். முதலில் கண்ணாடியைத் தேடினார், பிறகு தாளைத் தேடினார். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் நகர்ந்துகொண்டே இருந்தது. வண்டி இப்போது பிளாட்பாரத்துக்கு வந்திருக்கும். இப்போது டிரைவர் ஏறியிருப்பார். அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது பன்னிரண்டைத் தொட்டு, தாண்டும் வரைக்கும்.

"திருப்திதானம்மா?" என்றார் வெங்கடேசன் கடைசியில், அப்பா மாதிரி. "வேற எதாவது குறை இருக்கா? பயப்படாம சொல்லு."

இருந்தது. ஒன்றே ஒன்று. என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் படிக்க வேண்டும் என்று கேட்கத்தான் அவள் மலையிறங்கி வந்திருந்தாள். வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஜெயசுதா மேடம் புது மனு ஒன்றை மடியில் வைத்துப் பேனா மூடியைக் கழற்றினார். தீனதயாளன் அன்போடு முன்னால் குனிந்தார்.

"சொல்லும்மா" என்றார். "எதுவா இருந்தாலும் இன்னிக்கே நாலரைக்கு விசாரிச்சிடலாம்."

தமிழ்ப்ரியா மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

"ஒன்னும் இல்லீங்க" என்றாள்.

வெங்கடேசன் தலையை ஆட்டிக்கொண்டே, குறை ஏதுமில்லை என்று எழுதி, குறை தீர்க்கும் குழுவுக்கு முழு மதிப்பெண் போட்டார்.